கை தூக்கியே இருக்கட்டும்

தெசாங்கா கையைத் தூக்கினால் பந்து அவளிடம் போக வேண்டும். எங்கள் ஊர் லிபோவிக்கில் இதைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. டாக்சி ஓட்டுகிறவருக்கு இது தெரியும், ரொட்டிக்கடைக்காரிக்கும் தெரியும். பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் ஸ்போமென்கா ஞாயிறு வழிபாடு முடிந்து வெளியே வந்தால், அவளைக் கோயில் வாசலிலேயே மடக்கி, "தெசாவுக்கு இன்னும் கொஞ்சம் பந்து குடும்மா" என்று பாதிரியார்கூட ஒரு வார்த்தை போட்டு வைப்பார். எங்கள் ஊரில் கூடைப்பந்து தெரியாதவர்கள் பிறப்பதில்லை. அதுதான் ஸ்போமென்காவின் தலைவலி.

ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. தெசாங்கா குனியாமல் நுழையக்கூடிய வீட்டு வாசல் லிபோவிக்கில் ஒன்றுகூட இல்லை. உயரத்துக்கு ஏற்ற உடம்பு, உடம்புக்கு ஏற்ற கோபம். ஒலிவேரா பந்தைத் தட்டிக்கொண்டு வருவாள். தெசா கூடைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி வேரூன்றி நின்று வலது கையை உயர்த்துவாள். பந்து அந்தக் கைக்குப் போகும். ஒரு திரும்பல், அவ்வளவுதான், வலை அசையும். இந்த ஒரே ஆட்டத்தை வைத்துக்கொண்டு பல வருஷங்கள் முதல் பிரிவில் குப்பை கொட்டியாயிற்று.

இந்த வருஷம் எதிரிகளுக்குப் புத்தி வந்துவிட்டது. தெசாவுக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. பந்து ஒலிவேராவின் கையை விட்டதும் மூன்றாவது ஒருத்தியும் ஓடி வந்து விழுவாள். பந்து போய்ச் சேராது. சேர்ந்தாலும் தெசாவின் முழங்கையில் நீலம் பாரித்ததுதான் மிச்சம். தோல்வி மேல் தோல்வி. வசந்தம் வந்தபோது ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது, சொந்த அரங்கில், ஸ்லாதினா அணியோடு. ஜெயித்தால் முதல் பிரிவிலேயே இருக்கலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டும்.

இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் கிளப் தலைவர் திஹோமிர் ஸ்போமென்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பன்றிக்கொழுப்பு வறுத்து விற்கிற தொழிற்சாலைக்கு முதலாளி அவர். தாராளமானவர், காபி கொடுத்தார், பிளம் சாராயம் ஊற்றினார், பிறகு நிதானமாகக் குண்டைப் போட்டார். இரண்டாம் பிரிவில் ஆடும் பெண்கள் அணியை வைத்து அவர் என்ன செய்வார்? கலைத்துவிடுவார். அரங்கத்தைக் கல்யாணங்களுக்கு விட்டால் ஊருக்கும் உபயோகமாக இருக்கும். அப்படி நடக்காமல் இருக்க வழியையும் அவரே சொன்னார். எல்லாப் பந்தையும் தெசாவுக்குக் கொடுக்க வேண்டும். இதுவரை கொடுத்தது போதவில்லை.

ஸ்போமென்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு பெண்களின் வாழ்க்கை அந்த அரங்கத்தின் பலகைத் தரையில் கிடக்கிறது, இந்த மனிதருக்கு அதில் கல்யாணப் பந்தி தெரிகிறது. ஆனாலும் பொறுமையாகத்தான் பேசினாள். தெசாவை மூன்று பேர் சூழ்ந்தால் நம்முடைய மற்ற நான்கு பேரை வெறும் இரண்டு பேர்தான் காவல் காக்கிறார்கள், அந்த நான்கு பேரும் கையைப் பிசைந்துகொண்டு தெசாவையே பார்த்து நிற்கிறார்கள், அதுதான் நம் வியாதி என்றாள். திஹோமிர் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "தெசாவுக்குக் குடு" என்றார்.

அவள் கொடுக்கப் போவதில்லை என்று அந்த நாற்காலியிலிருந்து எழும்போதே முடிவு செய்துவிட்டாள்.

பயிற்சியில் மூன்று புது ஆட்ட முறைகள் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றில் தெசா கூடையை விட்டு விலகி ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஏறி வருவாள். அவளைக் காப்பவர்களும் பின்னாலேயே வருவார்கள். காலியான கூடைக்கடியில் வேறொருத்தி புகுந்துவிடுவாள். இன்னொன்றில் தெசா இடது ஓரத்துக்குப் போய் மூன்று பேரையும் அங்கே இழுத்து வைத்துக்கொள்வாள், ஆட்டம் வலது பக்கம் நடக்கும். மூன்றாவதில் அவள் சும்மா சுவராக நிற்பாள், அந்தச் சுவரின் மறைவில் யகோதா மூலையில் நின்று தூரத்திலிருந்து எறிவாள். யகோதா பல் மருத்துவரிடம் உதவியாளர். கை நடுங்காத பெண்.

தெசாவின் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள் அந்த வாரம் வந்தது. அன்றைக்கு வீட்டை விட்டு யாரும் நகர மாட்டார்கள். விருந்தாளிகள் அழைக்காமலே வந்துகொண்டிருப்பார்கள். தெசா இல்லாமல் பயிற்சி நடந்தது. அவள் இடத்தில் ஒரு நாற்காலியை நிறுத்தி வைத்தாள் ஸ்போமென்கா. மூன்று ஆட்டங்களும் வழுக்கிக்கொண்டு போயின. ஒலிவேராவின் கையிலிருந்து பந்து கிளம்பிய அழகைப் பார்த்து ஸ்போமென்காவுக்குக் கண் கலங்கியது. பயிற்சி முடிந்ததும் எல்லோருமே தெசா வீட்டுக்குப் போய், வேகவைத்த இனிப்புக் கோதுமையையும் பொரித்த மீனையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் நாற்காலி இருந்த இடத்தில் தெசா வந்து நின்றாள். கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், எல்லாம் பாழ். மூலையில் யகோதா ஆளில்லாமல் நிற்கிறாள், கூடைக்கடியில் காலி, பந்து மட்டும் தெசாவின் கைக்குத்தான் போகிறது. மறுபடி ஆடச் சொன்னால் மறுபடியும் அதே கதை. ஒலிவேராவின் கண் அந்தக் கையைத் தாண்டவே இல்லை.

உடை மாற்றும் அறையில் அவளைத் தனியாகப் பிடித்து ஸ்போமென்கா கேட்டாள். ஒலிவேரா காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

"கூமா கை நீட்டிக் கேக்கறா, கோச். நான் எப்படி இல்லேன்னு சொல்றது?"

ஸ்போமென்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இது அவளுக்கு உறைக்காமல் போனதுதான் வெட்கக்கேடு. ஒலிவேராவின் மகளை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியவள் தெசாங்கா. அன்று முதல் இருவரும் ஒருவருக்கொருவர் கூமா. கூடப் பிறந்தவளோடு சண்டை போடலாம், புருஷனை வீட்டை விட்டுத் துரத்தலாம், கூமா கேட்டதை மறுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கிற உரிமையும் கூமாவுக்குத்தான். தெசா அந்தப் பச்சைக் குழந்தைக்கு ஸ்தாமெனா என்று பெயர் வைத்தாள், தன் கொள்ளுப்பாட்டி பெயர். அந்தப் பெயருள்ள கடைசி ஆள் செத்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஒலிவேரா மனதுக்குள் வேறொரு அழகான பெயரைப் பொத்தி வைத்திருந்தாள். இரண்டு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து "ஸ்தாமெனா" என்று குழந்தையைக் கொஞ்சினாள். அப்படிப்பட்டவளிடம் போய்ப் பந்தைக் கொடுக்காதே என்றால்?

சரி, கேட்கிறவளிடமே போய்ப் பேசுவோம் என்று ஸ்போமென்கா தெசாவிடம் போனாள். இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள், ஒரே அறையில் படுத்தவர்கள். சுற்றி வளைக்காமல் சொன்னாள், கையைத் தூக்காதே என்று.

தெசா தண்ணீர்ப் புட்டியைக் கீழே வைத்தாள்.

"பதினஞ்சு வருஷமா இந்தக் கையாலதான் நீங்க எல்லாரும் முதல் பிரிவுல உக்காந்திருக்கீங்க. இப்ப கையைக் கீழ போட்டுட்டு நடுவுல நிக்கணுமா? நான் என்ன, கோட்டு மாட்டுற ஆணியா?"

ஸ்போமென்கா கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தாள். மூன்று பேர், நான்கு பேர், இரண்டு பேர். தெசா காதில் வாங்கவில்லை. தனக்கு வயதாகிவிட்டது என்பதைத்தான் இவ்வளவு மெழுகிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். "என்னைப் பிடிக்கலேன்னா பெஞ்சுல உக்கார வெச்சுப் பாரு. ஊரு உன்ன உரிச்சிடும்" என்றாள். உட்கார வைக்கவும் எனக்குத் தெரியும் என்றாள் ஸ்போமென்கா. இரண்டு பேருக்கும் வீம்பு உண்டு. எங்கள் ஊரில் பல் முளைக்கும் முன்பே அது முளைத்துவிடும்.

ஆட்ட நாளன்று அரங்கம் பிதுங்கியது. மே மாதப் புழுக்கம், ஆனாலும் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. வியர்வையில் குறுக்குக்காற்று பட்டால் ஆட்டக்காரிகளுக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று முன்வரிசைத் தாய்மார்கள் காவல் இருந்தார்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பும் சத்தம் மழைத்தூறல் போல் விடாமல் கேட்டது. ஆட்டம் தொடங்கியது, தெசா கையைத் தூக்கினாள், ஒலிவேரா கொடுத்தாள், ஸ்லாதினாவின் மூன்று பெண்கள் அவள் மேல் விழுந்தார்கள். பாதி ஆட்டம் வரை வேறெதுவும் நடக்கவில்லை. லிபோவிக் பத்துப் புள்ளிக்கு மேல் பின்தங்கியது. இடைவேளையில் ஸ்போமென்கா தொண்டை வற்றப் பேசினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். திரும்பி வந்து மறுபடி அதையே ஆடினார்கள்.

மூன்றாவது கால்பகுதி தொடங்கிச் சற்று நேரத்தில் ஸ்போமென்கா தெசாவை வெளியே கூப்பிட்டாள்.

அரங்கம் முழுக்கச் சீட்டி பறந்தது. விதைப் பொட்டலம் ஒன்று அவள் தோளில் வந்து விழுந்தது. திஹோமிர் தன் நாற்காலியை விட்டு இறங்கி பெஞ்சுக்குப் பின்னாலேயே வந்து நின்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அவள உள்ள அனுப்பு. இல்லேன்னா நாளைக்கு நீ இந்தப் பக்கம் வராத."

"வர்றேனா இல்லையாங்கறத நாளைக்குப் பாத்துக்கலாம், தலைவரே. இப்ப மறைக்காதீங்க, எனக்கு ஆட்டம் தெரியல."

சொல்லிவிட்டாளே தவிர, தரையில் நடந்தது அவள் நினைத்தது அல்ல. நாற்காலியை வைத்துக்கொண்டு வழுக்கிக்கொண்டு போன ஆட்டம் இப்போது நொண்டியடித்தது. ஸ்லாதினாக்காரிகள் ஆளுக்கு ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூலையில் யகோதாவின் மூக்குக்கு முன்னால் ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே புகுந்தால் அங்கேயும் ஆள். தூக்கி எறிந்து தவறினால், திரும்பி வரும் பந்தை எடுக்க உயரமான ஆளும் இல்லை. வீம்புக்காகத் தெசாவை உட்கார வைத்தாயிற்று, வீம்பு ஒரு பந்தைக்கூட உள்ளே போடவில்லை. இந்தப் பெண்களின் அணியைத் தானே குழிதோண்டிப் புதைக்கிறோமோ என்று ஸ்போமென்கா நினைத்தாள்.

பெஞ்சில் தெசா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு துண்டு மெதுவாகப் பின்னால் சரிந்தது. பதினைந்து வருஷத்தில் ஆட்டத்தை அவள் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க அவள் நெற்றி சுருங்கியது.

"அந்த மூணு பேரு எங்கடி போனாங்க?" என்று கேட்டாள்.

"உன்கூட பெஞ்சுல உக்காந்திருக்காங்க" என்றாள் ஸ்போமென்கா. கசப்போடுதான் சொன்னாள், ஆனால் சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். கையைக் கீழே போடு என்று கேட்டது தப்பு. அந்தக் கை மேலே இருக்கிற வரைக்கும்தான் மூன்று பேர் அதற்கு அடிமை. நாற்காலிக்கு யாரும் காவல் நிற்க மாட்டார்கள்.

"டைம் அவுட் கேளு" என்றாள் தெசா.

பெண்கள் மூச்சிரைக்க வந்து வட்டமாக நின்றார்கள். ஸ்போமென்கா ஆட்டம் வரைந்து காட்டும் பலகையைக்கூட எடுக்கவில்லை. தெசா ஒலிவேராவின் இரண்டு தோள்களையும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஒலிவேரா, உன் பிள்ளையத் தொட்டியில ஏந்துனவளா உங்கிட்ட ஒண்ணு கேக்கறேன். நான் இப்ப உள்ள போய்க் கை தூக்குவேன். கத்துவேன். உன்னத் திட்டக்கூடத் திட்டுவேன். எனக்குப் பந்து குடுக்காத."

ஒலிவேராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கூமா, நீ கை தூக்கிட்டு..."

"கூமா கேட்டா மாட்டேன்னு சொல்லலாமா?"

"சொல்லக் கூடாது."

"அப்பப் பேசாத."

பின்னால் நின்ற திஹோமிருக்குத் தெசா எழுந்ததுதான் தெரிந்தது. தன் மிரட்டல் வேலை செய்ததென்று திருப்தியோடு போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஸ்போமென்கா பார்த்தது இதுதான். தெசா இடது ஓரத்துக்குப் போய்க் கையைத் தூக்கினாள், மூன்று பெண்கள் ஓடிப் போய் ஒட்டிக்கொண்டார்கள், பந்து வலது மூலையில் யகோதாவுக்குப் போனது. வலை அசைந்தது. தெசா ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு ஏறி வந்து கையைத் தூக்கிக் கூவினாள், மூன்று பேரும் பின்னாலேயே ஏறி வந்தார்கள், காலியான கூடைக்கடியில் ஒலிவேராவே நடந்து போகிறவள் மாதிரி நுழைந்து போட்டாள். அடுத்த முறை தெசா சுவராக நின்றாள், யகோதா மறுபடி எறிந்தாள். ஒவ்வொரு முறையும் தெசா, "கண்ணு தெரியலையாடி, இங்க நிக்கறேன்" என்று ஒலிவேராவைக் கிழித்துத் தொங்கவிட்டாள். அரங்கம் முழுக்க எழுந்து நின்று "தெசாவுக்குக் குடு" என்று வயிறெரிந்து கத்தியது. திஹோமிர் முகம் சிவக்கக் கத்தினார். பாதிரியாரும் கத்தினார். இத்தனை பேர் மனதாரக் கத்தும்போது ஸ்லாதினாக்காரிகள் எப்படி நம்பாமல் இருப்பார்கள்? எங்கள் ஊரே திரண்டு அந்தப் பொய்க்குச் சாட்சி சொன்னது, பொய்யென்று தெரியாமலேயே. ஸ்போமென்கா மட்டும் பெஞ்சுக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

வித்தியாசம் கரைந்து கரைந்து ஒரு புள்ளியாயிற்று. கடைசிப் பந்து லிபோவிக்கின் கையில்.

ஸ்லாதினாவின் பயிற்சியாளர் மடையர் அல்ல. கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது, ஆனால் புரிந்துவிட்டது. அந்தக் கை வெறும் கை, அதை விடுங்கள் என்று அவர் தன் பெண்களைப் பார்த்து அலறினார். மூன்று பேரும் தெசாவை உதறிவிட்டு யகோதாவை நோக்கியும் ஒலிவேராவை நோக்கியும் பாய்ந்தார்கள். கூடைக்கு நேர் கீழே தெசா தன்னந்தனியாக நின்றாள். வருஷம் முழுக்க அவளுக்குக் கிடைக்காத இடம் அது.

தெசா கையைத் தூக்கினாள். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டாள். "குடுடி ஒலிவேரா, நெசமாத்தான் சொல்றேன், குடு" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஸ்போமென்காவும் பொறுக்க முடியாமல் கோட்டைத் தாண்டி ஓடி வந்து "தெசாவுக்குக் குடு" என்று கத்தினாள். தலைவரும் பாதிரியாரும் ஊரும் வருஷக்கணக்காகச் சொல்லி வந்த அதே வார்த்தையைத்தான் அவளும் சொன்னாள். அந்தக் கணத்தில் அரங்கத்துக்குள் அதைக் கத்தாத ஆள் ஒருத்திதான்.

ஒலிவேரா தெசாவை நேராகப் பார்த்தாள். கூமா இன்றைக்கு எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தாளோ என்னவோ. ஒருவேளை நிஜமென்று தெரிந்துமே, கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான் என்று நின்றாளோ. பந்தைக் கொடுக்கவில்லை. இரண்டு பேர் கைகளுக்கு நடுவே தானே எம்பி எறிந்தாள்.

பந்து வளையத்தில் மோதியது, ஒரு சுற்றுச் சுற்றியது, வெளியே விழுந்தது. ஸ்போமென்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணுக்கு அப்பால் அரங்கம் வெடித்தது. திறந்து பார்த்தபோது வலை ஆடிக்கொண்டிருந்தது. விழுந்த பந்தை எடுக்க ஸ்லாதினா தரப்பில் ஆளே இல்லை. தூக்கிய கையோடு நின்றவள் தெசா ஒருத்திதான். அந்தக் கையில் வந்து விழுந்த பந்தை அவள் அப்படியே உள்ளே வைத்துவிட்டாள். மணி அடித்தது.

அதற்கப்புறம் யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை, அவ்வளவு கூட்டம் தரைக்கு இறங்கிவிட்டது. யாரோ ஜன்னல்களைக்கூடத் திறந்துவிட்டார்கள், தாய்மார்கள் ஒன்றும் சொல்லவில்லை. திஹோமிர் ஜனங்களை விலக்கிக்கொண்டு வந்து ஸ்போமென்காவின் தோளில் ஓங்கித் தட்டினார். கண்ணில் நிஜமான கண்ணீர்.

"நான் சொன்னேனா இல்லையா? தெசாவுக்குக் குடுன்னு."

ஸ்போமென்கா அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து அவரிடமே கொடுத்தாள்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க தலைவரே. அவளுக்கு யாரு குடுத்தா? ஒருத்தரும் குடுக்கல. நாளைக்குக் காலைல பயிற்சி இருக்கு, கதவத் திறந்து வெக்கச் சொல்லுங்க. கல்யாணத்துக்கு வேற எடம் பாத்துக்குங்க."

அவர் யோசித்துக்கொண்டே நின்றார். அவரை அங்கேயே விட்டுவிட்டு அவள் தன் பெண்களைத் தேடிப் போனாள்.

பெஞ்சுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒலிவேரா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். ஜெயித்த அழுகை அல்ல அது. ஸ்தாமெனா அவள் மடியில் ஏறிக்கொண்டு அம்மாவின் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. தெசா நீலம் பாரித்த முழங்கையில் பனிக்கட்டியை அழுத்திக்கொண்டு அவர்கள் முன்னால் வந்து நின்றாள்.

"கூமா, கடைசில நீ நெசமாத்தான் கேட்டியா?" என்றாள் ஒலிவேரா.

"நெசமாத்தான் கேட்டேன்."

"நான் குடுக்கலையே."

தெசா சிரமப்பட்டு முழங்காலை மடக்கி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் தலையை அந்தப் பெரிய கையால் தடவினாள்.

"குடுக்கலதான். அடுத்த பிள்ளைக்குப் பேரு நீயே வெச்சுக்க."